இரண்டு நகரங்களுக்கு நடுவே ஒரு கேப்டன்

அன்று மாலை சாப்பாட்டு மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் ஐந்து பேர்: வீட்டுக்காரர், அவர் மனைவி, அவர் தாயார், அவர் அக்கா, அக்காவின் கணவர். ஆறாவது ஆள் கிடையாது. தாங்களும் அங்கே உட்கார்ந்து கேட்டதாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் பலர் உண்டு. அவர்கள் யாரும் அந்த வீட்டு வாசற்படியைக்கூட அன்று மிதிக்கவில்லை.

வீட்டுக்காரருக்கு விமான நிலையத்தில் வேலை. ஒவ்வொரு விமானமும் புறப்படுவதற்கு முன், அது எந்த வழியாகப் போகவேண்டும், எவ்வளவு உயரத்தில், எவ்வளவு வேகத்தில், எத்தனை எரிபொருளோடு போகவேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறவர் அவர். அவர் போட்ட திட்டத்தில் கேப்டன் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் நகரும். பதினைந்து வருஷத்தில் அவர் கணக்கு ஒருமுறைகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வம் அவருக்கு உண்டு, அது நியாயமான கர்வம். டயர் கடை வைத்திருக்கும் அக்காவின் கணவர், அவருக்கு 'அளவுகோல்' என்று பெயர் வைத்திருந்தார். தெருவில் அடுத்த முனைக்குப் போகவேண்டும் என்றாலும் தூரம் சொல்கிற மனிதருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

மனைவி அடுத்த வாரம் தன் அக்கா இருக்கும் நகரத்துக்குப் புறப்படுகிறாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அந்த அக்காவுக்கு முதல் பிரசவம். கூட ஒரு மாதமாவது இருந்துவிட்டு வரவேண்டும். அதைப் பற்றித்தான் பேச்சு.

"டிக்கெட்ல போட்டிருக்கே, பன்னெண்டு மணிக்குக் கிளம்பி ஒன்றேகாலுக்குப் போய்ச் சேருதுன்னு," என்றார் தாயார், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு. "அப்புறம் திரும்பி வர்றதுக்கு மட்டும் ஏன்டா மூன்றேகால் மணி நேரம்? வரும்போது மேடேறி வருதா?"

"அம்மா, அந்த ஊர்க் கடிகாரம் நம்மளைவிட ஒரு மணி நேரம் பின்னாடி. போனாலும் வந்தாலும் ரெண்டேகால் மணி நேரம்தான். ஆயிரத்து நானூறு கிலோமீட்டர்."

"அத்தை, விடுங்க," என்று சிரித்தாள் மனைவி. "இப்ப ஆரம்பிச்சார்னா காத்து எந்தப் பக்கம் அடிக்குதுங்கிற வரைக்கும் போவார்."

"அது கிடக்கட்டும் தங்கச்சி," என்று டயர் கடைக்காரர் சோற்றைப் பிசைந்தபடி நிமிர்ந்தார். "ஓட்டறது யாரு? நம்ம பழைய கேப்டன் மாப்பிள்ளையா இருந்துடப் போறார். ஜன்னலோர சீட்டு என்ன, ஓட்டற இடத்துலயே ஒரு சீட்டு போட்டுக் குடுத்துடுவார்!"

அக்கா மேஜைக்கு அடியில் காலால் ஓர் உதை விட்டார். அது தவறிப்போய்த் தம்பியின் முழங்காலில் பட்டது. தாயார் தண்ணீர் வேண்டும் என்றார், செம்பு அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. மனைவி எழுந்து எல்லாருக்கும் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

விஷயம் இதுதான். அவளுக்கு முதலில் பேசிய இடம் இவர் இல்லை. ஒரு பையனைப் பார்த்து, இரண்டு வீட்டாரும் மனசு ஒப்பி, நாள் குறிக்கிற வரைக்கும் போயிற்று. பையன் அப்போது விமானம் ஓட்டப் பயிற்சிக்குப் போகவேண்டியிருந்தது. இரண்டு வருஷம் பொறுக்கச் சொன்னான். பெண்ணின் தகப்பனார், அதெல்லாம் சரிப்படாது என்று சொல்லிவிட்டார். அதற்கு அப்புறம் வந்தவர்தான் அளவுகோல். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. நல்ல குடும்பங்களில் இப்படி நடப்பது சகஜம், அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை என்பதும் சகஜம். அந்தப் பையன் பிற்பாடு கேப்டனாகி, இவர் வேலை பார்க்கும் அதே கம்பெனிக்கே வந்து சேர்ந்ததுதான் சகஜமில்லாதது.

எட்டு வருஷமாக ஒரு கேள்வி அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. 'வேண்டாம் என்றது மாமனார். அவளைக் கேட்டிருந்தால் காத்திருப்பாளோ?' கேட்டுவிடலாம்தான். ஆனால் கேட்கிற கணவனைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. அது நல்ல அபிப்பிராயம் அல்ல. ஆகவே மென்று விழுங்கிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் வேலைக்குப் போனதும், யார் யாருக்கு எந்த விமானம் என்று ஒட்டியிருக்கும் பட்டியலைப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தார். அத்தான் வாயில் சர்க்கரைக்குப் பதில் மண்ணைத்தான் போடவேண்டும். அவர் மனைவி போகிற அதே விமானம், ஓட்டுகிறவர் அதே கேப்டன்.

அந்த நாள் அவருக்கு விடுமுறை. மனைவியை வழியனுப்புவதற்காக ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்து வாங்கிய விடுமுறை. அதை உடனே இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, அவருடைய முறையைத் தான் எடுத்துக்கொண்டார். வீட்டில், "திடீர்னு கூப்பிட்டுட்டாங்க, தட்ட முடியலை. அத்தான் கொண்டுவந்து விடுவார்," என்றார். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்த மனைவி ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள்.

"அதே கட்டடத்துலதானே இருப்பீங்க? ஒரு அஞ்சு நிமிஷம் கீழ இறங்கி வர முடியாதா?"

"பார்க்கறேன்."

"பார்க்கறேன்னா வரமாட்டீங்கன்னு அர்த்தம்," என்று சொல்லி, அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்து பூட்டினாள்.

திட்ட அறை மூன்றாவது மாடியில், ஜன்னல் இல்லாத அறை. வானத்தை நாள் முழுக்கக் கணக்குப் போடுகிறவர்களுக்கு வானம் தெரியாத இடம். நான்கு மேஜை, மேஜைக்கு மூன்று திரை. சுவரில் ஒவ்வொரு ஊர் நேரமும் காட்டும் கடிகார வரிசை. குளிர்சாதனம் எப்போதும் ஒருவர் தலைக்கு மேலேயே அடிக்கும், அன்று அது அவர் தலை.

தாயார் கேட்டதற்கு அவர் சொன்ன ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் என்பது இரண்டு நகரங்களுக்கு நடுவே நூல் பிடித்தாற்போன்ற தூரம். விமானங்கள் அப்படிப் போவதில்லை. கடற்கரையை ஒட்டி வளைந்து போகும் ஒரு வழி உண்டு, கடலை நேராகக் குறுக்கே வெட்டும் ஒரு வழி உண்டு. மதியத்தில் வளைந்த வழியைத்தான் கொடுப்பது வழக்கம், மேகம் வந்தால் ஒதுங்க இடம் இருக்கும். அதுபோலவே, எரிபொருளை மிச்சம் பிடிப்பதா, நேரத்தை மிச்சம் பிடிப்பதா என்று கணினிக்குச் சொல்ல ஓர் எண் உண்டு. அதைக் கூட்டினால் விமானம் வேகமெடுக்கும், குறைத்தால் நிதானமாகப் போகும். கம்பெனி விரும்புவது நிதானத்தை.

அளவுகோல் நேர்வழியை எடுத்தார். எண்ணைக் கூட்டினார். விதிகளுக்கு உட்பட்டு எவ்வளவு கூட்டலாமோ அவ்வளவு. ஒன்பது நிமிஷம் குறைந்தது. அவள் அந்த மனிதன் கையில் இருக்கப்போகும் நேரத்தில் ஒன்பது நிமிஷம்! பதினைந்து வருஷ அனுபவத்தையும் திரட்டி அவரால் பிடுங்க முடிந்தது அவ்வளவுதான். அதற்கே நெஞ்சில் கொஞ்சம் ஈரம் பட்டாற்போல் இருந்தது.

இதைச் செய்தவர் விவரம் தெரியாதவர் அல்ல என்பதை நினைவில் வைக்கவேண்டும். பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து ஓட்டுகிற கேப்டன், பின்னால் உட்கார்ந்திருக்கும் பயணியோடு ஒரு வார்த்தைகூடப் பேச முடியாது என்பது அவருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் வயிறு எரிகிறவனுக்குப் பூட்டும் கதவும் கண்ணில் படுவதில்லை. ஒலிபெருக்கியில் அந்தக் குரல் பேசும், அதை அவள் கேட்பாள். அவருக்கு அதுவே தாங்கவில்லை.

கேப்டன் வந்தார். சட்டையின் மடிப்பு கலையாமல், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. நரைக்கக்கூட இல்லை என்பதை அளவுகோல் கவனித்தார்.

"வணக்கம் சார். எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன். இந்தாங்க."

கேப்டன் நின்றபடியே படித்தார். புருவம் லேசாக உயர்ந்தது.

"என்ன சார் இன்னைக்கு இவ்வளவு அவசரம்? நேர்வழி, அதுவும் இந்த வேகத்துல?"

"அங்க இறங்கி வேற விமானம் மாறுறவங்க இருக்காங்க." அப்படி யாரும் இல்லை. வேலை விஷயத்தில் அளவுகோல் சொன்ன முதல் பொய் அது.

"சரி. எனக்கு இன்னும் ஒன்றரை டன் எரிபொருள் போடுங்க."

"எதுக்கு? அங்க வானிலை நல்லாத்தானே காட்டுது? மேகம் சாயந்திரம்தான்."

"காட்டுது. ஆனா நான் போன வாரம் மூணு தடவை போய்ட்டு வந்தேன். மேகம் காகிதத்தைப் பார்த்துக்கிட்டு வர்றதில்லை சார்."

அளவுகோலுக்குக் காது சூடாயிற்று. எரிபொருள் அதிகம் இருந்தால் அதிக நேரம் ஆகாயத்தில் இருக்கலாம். எதற்காக இருக்கப் பார்க்கிறான்?

"தேவையில்லாத எடை. கம்பெனிக்கு நஷ்டம். இது போதும், நான் பொறுப்பு."

"நீங்க இங்க பொறுப்பு, நான் மேல பொறுப்பு," என்றார் கேப்டன், கோபம் இல்லாமல். "போடுங்க சார்."

எரிபொருள் விஷயத்தில் கேப்டன் கேட்டால் மறுக்கக் கூடாது என்பது விதி. மூன்றாவது மேஜையிலிருந்து மேலாளர் அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார். அளவுகோல் ஒன்றரை டன்னைச் சேர்த்தார். விசைகளைக் குத்திய குத்தலில் பக்கத்து மேஜைக்காரர் தன் தேநீரை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

கேப்டன் கையெழுத்துப் போட்டார். திரும்பும்போது, "வீட்டம்மா இந்த விமானத்துலதான் போறாங்க போல. பயணிகள் பட்டியல்ல உங்க பேரும் சேர்ந்து இருந்தது. கீழதான் இருப்பாங்க. நீங்க போய்ப் பார்க்கலையா?" என்றார்.

"வேலை இருக்கு," என்றார் அளவுகோல்.

விமானம் புறப்பட்டது. திரையில் பச்சைப் புள்ளியாகக் கிளம்பி, கடலுக்கு மேலே நேர்கோடாகப் போயிற்று. அவர் மற்ற விமானங்களுக்குத் திட்டம் போட்டார், அவ்வப்போது அந்தப் புள்ளியைப் பார்த்தார். அது குறித்த நேரத்துக்கு முன்னதாகவே அந்த நகரத்தை நெருங்கிற்று. அவருக்கு முகம் மலர்ந்தது. பிறகு புள்ளி இடதுபுறம் திரும்பிற்று. நகரத்துக்கு வெளியே, கடலோரத்துக்கு மேலே, ஒரு முட்டை வடிவம் போட்டது. மறுபடியும் போட்டது.

அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"என்ன பண்றான் அவன்?"

"யாரு?" என்றார் மேலாளர் அம்மா.

"சுத்தறான் பாருங்க. வேணும்னே சுத்தறான்!"

மேலாளர் அம்மா அவர் திரைக்கு வந்து, ஒரு பொத்தானைத் தட்டி, வானிலையைப் படத்தின் மேல் கொண்டுவந்தார். அந்த நகரத்தின் மேல் சிவப்பாக ஒரு திட்டு உட்கார்ந்திருந்தது. சாயந்திரம் வரவேண்டிய மேகம் மதியமே வந்துவிட்டது. அதைச் சுற்றிலும், பல திசைகளிலிருந்தும் வந்த விமானங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, ஆளுக்கொரு முட்டை போட்டுக்கொண்டிருந்தன.

"இடி மின்னல். ஓடுதளத்தை மூடியிருக்காங்க," என்றார் மேலாளர் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "நீங்க முதல்ல போட்ட எரிபொருளோட போயிருந்தா, ரெண்டாவது சுத்துலேயே வேற ஊருக்குத் திரும்பியிருக்கணும். ராத்திரி அங்கேயே தங்கல். பயணிகள், கேப்டன், எல்லாரும் ஒரே ஹோட்டல்ல. அந்த ஊர்ல நமக்கு இருக்கறது ஒரே ஹோட்டல்தானே?"

அவர் உட்கார்ந்தார். மேலாளர் அம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாம் தெரியும்போலத்தான் இருந்தது.

நாற்பது நிமிஷம் சுற்றியபின் புள்ளி தரையிறங்கிற்று. குறைத்த ஒன்பதையும் வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் அரை மணி நேரத்துக்கும் அதிகமாக அந்த வானம் எடுத்துக்கொண்டது.

வேலை முடிந்து அவர் வண்டி நிறுத்தும் இடத்துக்கு வந்தபோது தொலைபேசி அடித்தது. மனைவி.

"வந்து சேர்ந்துட்டேன். அக்கா நல்லா இருக்கா. வயிறு நல்லா இறங்கியிருக்கு."

"மழையாமே. பயந்துட்டியா?"

"தூங்கிட்டேன். சுத்தினதே இறங்கறப்பதான் தெரியும்." கொஞ்சம் நிறுத்தினாள். "வாசல்ல கேப்டன் நின்னு எல்லாருக்கும் வணக்கம் சொல்லிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரிச்சார். 'உங்க வீட்டுக்காரர் உங்களை ஒன்பது நிமிஷம் முன்னாடி கொண்டு சேர்க்கச் சொன்னாரும்மா, மழை விடலை, மன்னிச்சுக்குங்க'ன்னார்."

அளவுகோல் வண்டியின் கதவில் சாய்ந்துகொண்டார்.

"என்னை அனுப்பறதுல அவ்வளவு அவசரமா உங்களுக்கு?" என்றாள் அவள்.

"ஐயோ, அதில்லை."

"பின்ன எது? லீவை மாத்திக்கிட்டீங்க. கூப்பிட்டாங்கன்னு பொய் சொன்னீங்க. உங்க அத்தான் வண்டியில வரும்போதே உளறிட்டார், 'மாப்பிள்ளை தானே கேட்டு வாங்கின முறையாம், என்கிட்ட மட்டும் சொன்னார்'னு. நான் கீழ கண்ணாடி ஓரத்துல நின்னு படிக்கட்டையே பார்த்துக்கிட்டிருந்தேன். கடைசி ஆளாத்தான் ஏறினேன். நீங்க மேல உட்கார்ந்து ஒன்பது நிமிஷத்தை எண்ணிட்டு இருந்தீங்க."

பக்கத்தில் யாரோ வண்டியைப் பின்னால் எடுத்தார்கள், அது போகட்டும் என்று நின்றார். போனபின், எட்டு வருஷமாகக் கேட்காததைக் கேட்டார். கேட்கிற விதமாகக்கூடக் கேட்கவில்லை.

"உங்கப்பா அன்னைக்கு வேண்டாம்னு சொல்லாம இருந்திருந்தா..."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அவள் பேசியபோது குரல் மாறியிருந்தது. கோபம் போகவில்லை, ஆனால் வேறு இடத்துக்கு நகர்ந்திருந்தது.

"வேண்டாம்னு சொன்னது அப்பா இல்லை. நான்."

"நீயா?"

"ரெண்டு வருஷம் காத்திருன்னு அவர் அப்பாகிட்ட சொன்னார், அண்ணன்கிட்ட சொன்னார், சித்தப்பாகிட்டகூட சொன்னார். என்கிட்ட, முடியுமா உனக்குன்னு ஒரு வார்த்தை கேட்கலை. என் ரெண்டு வருஷத்தை அவரே எடுத்து அவர் பெட்டியில வச்சுக்கிட்டார். நான் மாட்டேன்னேன். பொண்ணு மறுத்தான்னு வெளிய தெரிஞ்சா பேச்சு வரும்னு அப்பா அதைத் தன் தலையில போட்டுக்கிட்டார். அவ்வளவுதான்."

"இத்தனை வருஷம் நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கேட்கவே இல்லையே! காத்து எவ்வளவு, உயரம் எவ்வளவுன்னு ஊரெல்லாம் கேட்பீங்க. இப்ப நீங்க பண்ணினது மட்டும் என்ன? என்னைக் கேட்காம என் நிமிஷத்தை எடுத்துக் கணக்குப் போட்டீங்க. அவருக்கும் உங்களுக்கும் என்னங்க வித்தியாசம்?"

அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. தான் இரண்டாவது ஆளோ என்று பயந்துகொண்டிருந்தவருக்கு, இரண்டாவது ஆளாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று பட்டது. முதல் ஆளைப்போலவே ஆகிவிடுவதுதான் மோசம். அப்படிப்பட்ட ஒருவனை அவள் ஏற்கெனவே ஒருமுறை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

"எப்ப திரும்பி வர்றே?" என்றார். அந்தக் குரலை அவரே அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

"தெரியலை."

"ஒரு மாசம்னு..."

"தெரியலைன்னேன்."

"சரி," என்றார் அவர். பிறகு, சிரமப்பட்டு: "உனக்கு எப்ப வரணும்னு தோணுதோ அப்ப சொல்லு. எப்படி வரணும்னாலும் சரி. நான் எதையும் தொடமாட்டேன்."

"அக்கா கூப்பிடறா," என்று அவள் வைத்துவிட்டாள்.

குழந்தை பிறந்தது, ஆண் குழந்தை. ஒரு மாதம் ஆயிற்று. அதற்கு மேலும் ஆயிற்று. தாயார் தினமும் ஒருமுறை, "அவளுக்கு ஒரு போன் பண்ணேன்டா," என்றார். அவர் பண்ணினார். குழந்தையைப் பற்றிக் கேட்டார், அக்காவின் உடம்பைப் பற்றிக் கேட்டார், அவள் தூங்கினாளா என்று கேட்டார். திரும்பும் நாளைக் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் இருப்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒருநாள் அவளே சொன்னாள்: "வெள்ளிக்கிழமை வர்றேன். காலை விமானம். யார் ஓட்டறாங்கன்னு பார்த்தீங்களா?"

"இல்லை."

"பார்க்காதீங்க."

அவர் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு விடுமுறை எழுதிக் கொடுத்தார். மேலாளர் அம்மா ஒன்றும் கேட்காமல் கையெழுத்திட்டார். அந்த விமானத்துக்குத் திட்டம் போட்டவர் வேறு ஒருவர். வளைந்த வழி, நிதானமான வேகம். அளவுகோல் கீழே, பயணிகள் வெளியே வரும் இடத்தில், மற்றக் கணவன்மார்களோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்றவர், "எவ்வளவு நேரம் ஆகும் சார் அங்கிருந்து?" என்று கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர், "வரும்போது வரும்," என்றார்.

அவள் வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். அவரைப் பார்த்தாள், பெட்டியை அவரிடம் தள்ளினாள், சிரிக்கவில்லை.

"ரொம்ப நேரமா நிக்கறீங்களா?"

"ஆமாம்."

"நல்லா நில்லுங்க. அன்னைக்கு நான் நின்னேனே," என்று சொல்லி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன்பிறகு உறவிலும் அலுவலகத்திலும் ஒரு கதை கிளம்பிற்று. கேப்டன் பழைய சம்பந்தத்தை நினைத்துக்கொண்டு, அவள் இறங்கிவிடக் கூடாதே என்று அந்த நகரத்தின் மேல் நாற்பது நிமிஷம் வட்டமடித்தார் என்று. டயர் கடையிலும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அது உண்மை அல்ல. அங்கே மழை பெய்தது. அன்று வட்டமடித்த விமானங்கள் ஏழு. அது நான்காவதாக வந்தது, நான்காவதாக இறங்கிற்று.